நீலம் இடது, சிவப்பு வலது

கவிநிலாவும் இளவரசனும் போட்டுக்கொண்ட சண்டைகளில் முக்கால்வாசி, பாட்டை எதில் கேட்பது என்பதைப் பற்றியவை. கல்யாணம் பேசி வைத்திருக்கும் இரண்டு பேர் சண்டை போட உலகத்தில் எத்தனையோ விஷயம் உண்டு. இவர்களுக்கு இது அமைந்தது.

இளவரசன் கவிநிலாவின் தாய்மாமன் தருமனுடைய மகன். ஊர் கீழ்பென்னாத்தூர். சாதாரண நாட்களில் அப்பாவின் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருப்பான். முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவோடு வேனில் ஏறிப் போய்க் கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசிப்பான். டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே தான் வாசிப்பது தனக்குக் கேட்க வேண்டுமே என்று, காதை அச்சு எடுத்து அவனுக்கென்றே செய்த இயர்போன் ஒரு ஜோடி வைத்திருந்தான். அதை 'இன்-இயர்' என்பான். மேடைக்கு வாங்கியது, போகப் போக மண்டியிலும் பஸ்ஸிலும் சாப்பாட்டு இலைக்கு முன்னாலும் அவன் காதிலேயே இருந்தது.

கவிநிலாவுக்கு ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் அவள் அப்பாவுக்குச் சோடாவும் கற்பூரமும் விற்கிற கடை. அவள் வேலை பார்த்தது செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு மாடியறையில். ஜஹானாரா என்கிற அக்கா அங்கே சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினாள். அந்தப் பக்கம் வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் பேசுவதையும் பாடுவதையும் புல்லாங்குழல் ஊதுவதையும் பதிவு செய்வார்கள். அதிலிருந்து இருமலையும் ஆட்டோ ஹாரனையும் மயில் அகவுவதையும் எடுத்துவிட்டுக் கொடுப்பது கவிநிலாவின் வேலை. அதற்கு அவள் வைத்திருந்தது காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன். அறையைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அம்மா கொடுத்தது. தோல் உரிந்து உள்ளே பஞ்சு தெரியும்.

"தலையில சட்டியக் கவுத்த மாதிரி இருக்குது" என்பான் இளவரசன்.

"உன்னுது மட்டும்? காதுல அரக்கு வெச்சு அடைச்ச மாதிரி."

"அடைச்சாத்தான் கவி வெளிச் சத்தம் உள்ள வராது. பேஸ் கிட்டாரு ஒவ்வொரு விரலாக் கேக்கும். சத்தத்தையும் கம்மியா வெச்சுக்கலாம். உன் சட்டியில பாதிப் பாட்டு வெளிய ஒழுகிப் போவுது."

"ஒழுகட்டும். பாட்டுன்னா சுத்தியும் கொஞ்சம் காத்து வேணும் மாமா. என்னுதுல பாடறவங்க எதிர்ல நின்னு பாடறாங்க. உன்னுதுல மண்டைக்குள்ள பூந்துக்கினு பாடறாங்க."

"மண்டையில எடம் இருக்கறவங்களுக்குத்தான் அது."

"அம்மா கூப்பிட்டாக்கூடக் கேக்காது."

"அதுக்குத்தான்டி போடறதே."

வாயால் ஜெயிக்க முடியாதவன் கையால் ஜெயிக்கப் பார்த்தான். அவள் பிறந்தநாளுக்கு அவளுக்கும் ஒரு ஜோடி செய்து தருவதென்று முடிவு செய்து, காது கேட்கும் கருவி விற்கிற ஒரு கடைக்கு அச்சு எடுக்கக் கூட்டிப் போனான். அங்கிருந்த பெண் காதுக்குள் நூல் கட்டிய பஞ்சை வைத்து, பெரிய ஊசிக்குழாயில் நிரப்பிய இளஞ்சிவப்புப் பசையை மெல்ல இறக்கினாள். குளிர்ச்சியாக அது உள்ளே நிறைந்துகொண்டே போனது. தெரு, விசிறி, பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன. பசை இறுகி வெளியே வந்தபோது, காதுக்குள் இப்படியொரு வளைவும் குடைவும் இருப்பதைக் கவிநிலா முதல்முறையாகப் பார்த்தாள்.

"வந்தது வந்துட்டீங்க. எவ்ளோ கேக்குதுன்னும் ஒரு டெஸ்ட் பாத்துடலாமா?" என்றாள் அந்தப் பெண்.

"இவளுக்கா?" என்று இளவரசன் சிரித்தான். "பக்கத்து ஊர்ல கரண்டி வுழுந்தா இங்கேர்ந்து சொல்லுவா மேடம்."

கவிநிலாவும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டாள்.

அவள் அம்மா வள்ளிக்கு இந்தச் செலவு பிடிக்கவில்லை. "காது குத்தறப்ப எங்கண்ணன் மடியில உக்காந்து அழுது ஊரையே கூட்டினா" என்றாள். "இப்ப அவன் புள்ள வந்து அதே காத அடைக்கறானா?"

இயர்போனைச் செய்தவன் சென்னையில் அறிவுச்செல்வன் என்கிற ஒருவன். ஆள் வைத்துக்கொள்ளாமல் ஒரே அறையில் தானே வார்த்து, தானே தேய்த்து, தானே மெருகு போடுகிறவன். சின்ன டப்பாவில் பஞ்சுக்கு நடுவே இரண்டு துண்டுகள் வந்தன. வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். கண்ணாடி போல மினுங்கின. கவிநிலா இரண்டையும் காதில் திருகி வைத்தாள். அவளோடு கூடவே வளர்ந்தவை போல உட்கார்ந்துகொண்டன.

செல்போனில் பாட்டைப் போட்டாள். இளவரசன் சொன்னது பொய்யில்லை. அடியில் ஓடுகிற நாதம் ஒவ்வொரு விரலாகக் கேட்டது. ஆனால் பாடுகிறவள் நெற்றிக்கு நடுவில் நிற்க வேண்டியவள், வலது காதோரம் போய் நின்றுகொண்டிருந்தாள். இடது பக்கத்தில் ஜால்ராச் சத்தமே இல்லை.

அவனுக்கு ஃபோன் செய்தாள். "மாமா, லெஃப்ட் கம்மியா இருக்குது."

"அழுத்தி வெச்சியா?"

"வெச்சேன்."

"சரி, வயரக் கழட்டு. சிவப்புல இருக்கற வயர நீலத்துல மாட்டு, நீலத்துல இருக்கறத சிவப்புல மாட்டு. கொறை பக்கம் மாறுச்சுன்னா வயர்ல கோளாறு. மாறலன்னா பீஸ்ல கோளாறு."

மாற்றி மாட்டினாள். குறை மாறவில்லை. நீலத் துண்டிலேயே இருந்தது.

இளவரசன் அறிவுச்செல்வனைக் கூப்பிட்டான். "அனுப்பறதுக்கு முன்னாடி மெஷின்ல வெச்சு அளந்தேன் சார். ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துது" என்றான் அவன். இருந்தாலும் தகராறு வேண்டாமென்று புதிதாக ஒரு நீலத் துண்டு செய்து அனுப்பினான். அதிலும் இடது பக்கம் கம்மி. இந்த மாவட்டத்து மேடைக் கலைஞர்களெல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இளவரசன் எழுதினான்: அறிவுச்செல்வனிடம் யாரும் கொடுக்காதீர்கள், இரண்டு தடவை செய்தும் லெஃப்ட் சரியில்லை, கேட்டால் மெஷின் என்று கதை சொல்கிறார். கொடுக்கலாமென்றிருந்த தபேலாக்காரர் ஒருவர் உடனே பின்வாங்கினார். அடுத்து ஒரு பாடகி. "பாத்தியா, நம்மாளுங்க ஒத்துமைய" என்று அதைக் கவிநிலாவுக்கு அனுப்பி வைத்தான். அவளும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் பதிலுக்குப் போட்டாள். தனக்காக ஒருவன் சண்டை போடுகிறான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஜஹானாரா ஒருநாள், அவள் சரிசெய்து கொடுத்த புல்லாங்குழல் பதிவைத் தன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"என்ன கவி, எல்லாம் இடது பக்கமாச் சாஞ்சிருக்குது? அவரு என்ன சுவத்துக்கிட்ட ஒட்டிக்கினா ஊதினாரு?"

"ஹெட்போன் பழசுக்கா. அதுல லெஃப்ட் எப்பவுமே கம்மி. அதுக்காக லேப்டாப்லயே லெஃப்ட்டக் கொஞ்சம் ஏத்தி வெச்சிருப்பேன். அதுல ஏமாந்துட்டேன் போல."

ஜஹானாரா ஹெட்போனை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். "எனக்கு லெஃப்ட்தான் ஜாஸ்தியாக் கேக்குது." லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்ததை நடுவுக்குக் கொண்டுவந்தாள். "இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்குது. நீ கேளு."

கவிநிலா கேட்டாள். இடது பக்கம் கம்மியாக இருந்தது.

"திருப்பிப் போட்டுப் பாரு" என்றாள் ஜஹானாரா.

ஒலி வேலை செய்கிறவர்கள் ஹெட்போனைத் திருப்பிப் போடுவதில்லை. கோயிலில் இடமிருந்து வலமாகச் சுற்றுவது போல அது கைக்கு வந்துவிட்ட ஒழுங்கு. கவிநிலா இத்தனை நாளில் ஒருதடவைகூடத் திருப்பிப் போட்டதில்லை. இப்போது போட்டாள். வலது மூடி இடது காதுக்கு வந்தது, இடது மூடி வலது காதுக்குப் போனது. ஹெட்போனில் கோளாறு என்றால் இப்போது வலது காதில் அல்லவா குறைய வேண்டும்? குறையவில்லை. வலது நன்றாகக் கேட்டது. இடது காதில், நன்றாக இருக்கும் மூடிக்குள்ளேயே, புல்லாங்குழலின் மேல் நுனி காணாமல் போயிருந்தது.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஹெட்போனைத் திருப்பிப் போடலாம், காதின் அச்சில் செய்ததைத் திருப்பிப் போட முடியாது. நீலத் துண்டு அவள் இடது காதைத் தவிர உலகத்தில் வேறெந்தக் காதிலும் நுழையாது. மாமன் வயரை மாற்றச் சொன்னான், அறிவுச்செல்வன் துண்டையே மாற்றினான். மாறாமல் இருந்தது காது ஒன்றுதான். அதை யாரும் சந்தேகப்படவில்லை. பழியெல்லாம் துண்டின் மேலே போனது.

ஜஹானாராதான் டாக்டரிடம் கூட்டிப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அவள் விரல் ஓயவில்லை. இடது காதுக்கு வந்தபோது வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அங்கிருந்தவர் குமிழ்களைத் திருகிக்கொண்டுதான் இருந்தார்.

நரம்பில் குறை என்றார் டாக்டர். கூர்மையான சத்தங்கள் முதலில் போகும், போனது திரும்பி வராது, மேலும் போகாமல் பார்க்கலாம். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று தெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கையில் ஜஹானாரா அவள் தோளைத் தொட்டாள். "வேலைக்கு ஒண்ணும் ஆவாது கவி. நீ வா. இனிமே லெஃப்ட்டு ரைட்டுன்னு ரெண்டு பக்கம் இருக்கற பதிவ மட்டும் நான் ஒரு தடவ கேட்டுட்டு அனுப்பறேன். அவ்ளோதான்." அன்போடுதான் சொன்னாள். ஆனாலும் அந்த 'அவ்ளோதான்' கவிநிலாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். வள்ளி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆவணியில நிச்சயம்" என்றாள் பிறகு. "அது முடியற வரைக்கும் வாயத் தொறக்காத. எங்கண்ணன் நல்லவன்தான். உங்க அத்தையப் பத்தி எனக்குத் தெரியும். 'சொந்தத்துல கட்டினா புள்ளைங்களுக்குக் காது, கண்ணுன்னு ஏதாவது வரும்னு நான் அப்பவே சொன்னேன்'னு ஆரம்பிப்பா. அதோட போச்சு."

"மாமாகிட்டயாவது சொல்ல வேணாமா?"

"எந்த மாமா? பெரியவரா, சின்னவரா?"

"ரெண்டு பேருகிட்டயும். என் காதக் குத்தின மாமனுக்கே நான் காது குத்தணுமாம்மா?"

வள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. "வார்த்த நல்லாத்தான் இருக்குது. வாழ்க்க அப்படி இல்ல" என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப்பின் கவிநிலாவுக்கு எங்கே போனாலும் தன் காதைத் தானே ஒட்டுக்கேட்பதாகவே இருந்தது. பௌர்ணமியன்று கடையில் அப்பாவுக்கு உதவியாக நின்றாள். ஜனம் ஆறுபோல நகர்ந்துகொண்டிருந்தது, எல்லாப் பக்கமும் ஒலிபெருக்கி. இடது பக்கத்தில் நின்ற ஓர் அம்மா கற்பூரம் கேட்டிருக்கிறாள். அவள் திரும்பவில்லை. "ஏம்மா, வியாபாரம் பண்ற எண்ணம் இருக்கா, இல்ல காதுல என்னாத்த வெச்சிருக்க?" என்று அந்த அம்மா அதட்டினாள். முன்பென்றால் கவிநிலா நறுக்கென்று ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அன்று கற்பூரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, கடையின் இடது ஓரத்துக்கு மாறி நின்றாள். எல்லோரும் வலது பக்கமாக வரட்டும் என்று.

ஒன்றுமட்டும் அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. சென்னையில் ஒருவன் தன் கையால் தேய்த்துத் தேய்த்துச் செய்ததைச் சரியாகத்தான் செய்திருக்கிறான். அவனைப் பொய்யன் என்று ஊர் பேசுகிறது. அவன் சொன்னது நிஜம் என்று சொல்லக்கூடிய காது உலகத்திலேயே ஒன்றுதான். அது அவளுடையது.

இளவரசன் ஃபோன் செய்தான். "ஞாயித்துக்கெழம வரேன். அந்த டப்பாவ எடுத்து வை. நேரா மெட்ராஸ் போயி அவன் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டு வரேன்."

"வேணாம் மாமா."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

சனிக்கிழமை மாடியறையில் வேலை முடிந்ததும் கவிநிலா ஒரு காரியம் செய்தாள். இளவரசன் ஒரு மண்டபத்தில் வாசித்த பதிவு ஒன்று அவளிடம் இருந்தது. தான் வாசித்ததில் அவனுக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதைத் திறந்து, வலது காதில் ஒருதடவை, இடது காதில் ஒருதடவை என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். இடது காதுக்கு எதெல்லாம் எட்டவில்லையோ அதையெல்லாம் பதிவின் இடது பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ஜால்ரா போனது. கீபோர்டின் மேல் சுரங்கள் மங்கின. அவள் செய்த வேலைகளில் அதுதான் கஷ்டமானது. இறக்க இறக்க, தன்னிடம் எவ்வளவு இல்லை என்பது திரையில் கோடாகத் தெரிந்துகொண்டே வந்தது.

மறுநாள் காலை இளவரசன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். "அத்த, காப்பி" என்று அடுப்பங்கரைப் பக்கம் குரல் கொடுத்தான். "டப்பா எங்க?"

"முதல்ல இதக் கேளு" என்று கவிநிலா பழைய ஹெட்போனை நீட்டினாள்.

"சட்டியா? என் மானமே போச்சு" என்றபடி வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டான். தான் வாசித்தது என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் புருவம் நெரிந்தது. "ஃபைல் கெட்டுப்போச்சு கவி. லெஃப்ட்ல நான் மேல அடிச்சதயே காணோம்." அவன் கை தானாகவே ஹெட்போனைக் கழற்றித் திருப்பிப் போட்டது. "இப்ப ரைட்ல கம்மி. ஃபைல்தான்."

"உனக்குப் பக்கம் மாறுது" என்றாள் கவிநிலா. "எனக்கு மாறல மாமா. எப்படிப் போட்டாலும் இந்தக் காதுல இப்படித்தான் கேக்குது. நீ இப்ப கேட்டது, நான் கேக்கறது."

அவன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். அவள் டாக்டரிடம் போனதையும் அவர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டான். மண்டியில் தூரத்தில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில், ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டான்.

"கத்தாத மாமா. கேக்குது."

அவன் காது மடல்வரை சிவந்துபோனான். தான் அப்படிக் கத்தியது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

"குரூப்ல போட்டியே, அதுக்கு முதல்ல பதில் எழுது" என்றாள்.

"எழுதறேன். அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்துட்டாரு, இப்ப சரியாயிடுச்சுன்னு போட்டுடறேன். வேற யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்."

வள்ளி காப்பியோடு வந்து நின்றாள். "அப்படியே போட்டுடு எளவரசு. அதான் நல்லது."

"அப்படிப் போட்டா, அவரு எதையோ தப்பா செஞ்சு அப்பறம் சரி பண்ணாருன்னுதான அர்த்தம்?" என்று கவிநிலா அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். அவன் கையிலிருந்த ஃபோனை வாங்கினாள். இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. 'அறிவுச்செல்வன் செய்த இரண்டு பீஸும் சரியாகத்தான் இருந்தன. குறை என் இடது காதில். எழுதுவது கவிநிலா.' எழுதிவிட்டு, அனுப்பாமல் ஃபோனை அவனிடமே கொடுத்தாள். குழுவில் அவன் பெயர்தான் இருந்தது. அவன்தான் அனுப்ப வேண்டும்.

அவன் படித்தான். மறுபடியும் படித்தான். "நம்ம சொந்தக்காரப் பசங்க நாலு பேரு இதுல இருக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள எங்கம்மா காதுக்குப் போயிடும்."

"தெரியும்."

"நிச்சயத்துக்கு முன்னாடி இது இன்னாத்துக்கு கவி?"

"பின்னாடின்னா உனக்கு வேற வழியிருக்காது. அதுக்குத்தான்."

வள்ளி டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இளவரசன் கட்டைவிரலை வைத்து அனுப்பினான். ஃபோனை உடனே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

வாசல்வரை கவிநிலாவும் வந்தாள். அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான், ஆனால் சாவியைத் திருகவில்லை.

"அப்பாகிட்ட நான் பேசறேன்."

"இன்னான்னு பேசுவ?"

அவன் கிரிவலப் பாதைப் பக்கமாகப் பார்த்தான். "தெரியல கவி. நெஜமாவே தெரியல. போற வழியில யோசிக்கறேன்."

பையில் ஃபோன் அதிரத் தொடங்கியது. குழுவில் யார் யாரோ பதில் போடுகிறார்கள். அவன் எடுத்துப் பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை.